கேமராவுக்குள் மாட்டிக்கொண்ட தாய்மாமன்

என் பாசத்துக்கும் என் எரிச்சலுக்கும் ஒரே சொந்தக்காரனான அண்ணே,

நீ போய் வருசம் திரும்பிவிட்டது. ஏறக்குறைய வருசம் முழுக்க உன்னை நினைத்து அழுதேன். இந்தக் கடைசி ஒரு மாதம் மட்டும் உன்னைத் திட்டிக்கொண்டிருந்தேன். "செத்தவுகளத் திட்டாத வாசுகி, கனவுல வருவாக" என்று மதினி காதைப் பொத்திக்கொண்டார். வரட்டும் மதினி, வரும்போது கையோடு அந்த வீடியோ கேமராவின் ஒயரையும் எடுத்துக்கொண்டு வரட்டும் என்றேன்.

ஆமாம், உன் கேமராவைப் பற்றித்தான் எழுதுகிறேன். உள்ளங்கையில் அடங்கி, பக்கவாட்டில் ஜன்னல் கதவு மாதிரி திரை திறக்குமே, அது. வாங்கி வந்த அன்று கம்பத்தில் நம் தெருவையே கூட்டி வைத்துப் பிரசங்கம் செய்தாயே, ஞாபகம் இருக்கிறதா? "இனிமே டேப்பு கிடையாது. சுத்துறது கிடையாது, சிக்குறது கிடையாது. எல்லாம் உள்ளயே மெமரியில நிக்கும். கம்ப்யூட்டர்ல மாட்டுனா அப்படியே வழுக்கிக்கிட்டு இறங்கிரும்." நானும் வாயைப் பிளந்து கேட்டுக்கொண்டிருந்தேன். வழுக்கியது நான்தான் அண்ணே. படம் ஒன்றும் இறங்கவில்லை.

முதலில் நல்ல செய்தி. உன் மகள் கயல்விழிக்குக் கல்யாணம் நிச்சயமாகிவிட்டது. மாப்பிள்ளை சின்னமனூர். தங்கமான பையன். சிரித்தால் மட்டும் முன்பல் இரண்டு ஒன்றையொன்று முறைத்துக்கொண்டு நிற்கும். நம் கயல் தேனியில் பல் ஆஸ்பத்திரியில் வேலை பார்ப்பதால், அதைப் பார்த்துத்தான் இரக்கப்பட்டு ஒப்புக்கொண்டாளோ என்று எனக்கு ஒரு சந்தேகம். கேட்டேன். "அத்தை, உங்களுக்கு எழுத விசயம் கிடைக்கலைனா என் வாழ்க்கையத் தொடாதீங்க" என்றாள். உன் மகள்தான், சந்தேகமே இல்லை.

கெட்ட செய்தி உனக்குத் தெரிந்ததுதான். மேடையில் நிற்க அப்பா இல்லை. தாய்மாமனாவது நிற்க வேண்டும். அந்தத் தாய்மாமன், மதினியின் கூடப்பிறந்த ஒரே தம்பி, கூடலூர் முருகேசன், நம் வீட்டு வாசல்படி ஏறிப் பதினைந்து வருசத்துக்கு மேல் ஆகிறது.

ஏன் என்று உனக்குச் சொல்ல வேண்டியதில்லை. ஆனால் பத்திரிகைக்குக் கேலிக் கட்டுரை எழுதுகிறவளின் கடிதத்தை நாலு பேர் எட்டிப் பார்த்து வாசிப்பார்கள். அவர்களுக்காக ஒருமுறை சொல்லிவிடுகிறேன், கோவித்துக்கொள்ளாதே.

கயலுக்கு ஏழு வயது. காதணி விழா. வீட்டு வாசலில் பந்தல். பிள்ளையைத் தாய்மாமன் மடியில் உட்கார வைத்துத்தான் காது குத்த வேண்டும், அது அவருடைய உரிமை. முருகேசன் கூடலூரிலிருந்து மேளதாளத்தோடு, சீர்த்தட்டுகளோடு, புதுச் சட்டை போட்டு வந்து இறங்கினார். தெருமுனையில் நீ கேமராவோடு நின்றுகொண்டிருந்தாய். பக்கத்து வீட்டுப் புதுமனைப் புகுவிழாவில், பால் பொங்கியது வெளிச்சத்தில் சரியாக விழவில்லை என்று இரண்டாம் முறை பொங்க வைத்த ஆள் நீ. சும்மா விடுவாயா? வெயில் எதிரே அடிக்கிறது, திரும்பிப் போய் மறுபடி வாங்க என்று மாமனையே திருப்பி அனுப்பினாய்.

அவர் திரும்பிப் போய், திரும்பி வந்து, பந்தலுக்குள் நுழைந்தபோது கதை முடிந்திருந்தது. நல்ல நேரம் போகிறது என்று பெரியவர்கள் அவசரப்பட்டு, மதினியின் ஒன்றுவிட்ட அண்ணனான கெங்குவார்பட்டி மாமன் மடியில் பிள்ளையை உட்கார வைத்துக் காது குத்திவிட்டார்கள். அவருக்கு மாந்தோப்பு உண்டு, முருகேசனுக்குக் குமுளிக்கு ஓடும் ஒற்றை ஜீப். கேட்க வேண்டுமா? திட்டம் போட்டுத்தான் என்னைத் தெருவில் நிறுத்தினார்கள் என்று முடிவு கட்டிவிட்டார். மாலையை ஜீப்பின் முன்னால் வீசிவிட்டுப் போனவர் போனவர்தான். உன் சாவுக்கு வந்தபோதும் தெருமுனையிலேயே நின்று அழுதுவிட்டுப் போனார், படி ஏறவில்லை.

நீ என்ன செய்தாய்? வருசக்கணக்காக ஒரே பாட்டு. "எல்லாம் கேமராவுல இருக்கு. பாத்தா அவனுக்கே புரியும். கம்ப்யூட்டர்ல இறக்கி, எடிட் பண்ணி, கொண்டு போய்க் காட்டப் போறேன்." எப்போது காட்டினாய்? திராட்சை அறுவடை முடியட்டும் என்றாய். அடுத்த அறுவடை முடியட்டும் என்றாய். அறுவடை எல்லாம் முடிந்து நீயும் முடிந்துவிட்டாய்.

பத்திரிகை வைக்க நானும் மதினியும் கூடலூர் போனோம். முருகேசன் ஜீப் ஸ்டாண்டில் ஏலக்காய்த் தோட்டத்துக்குப் போகிற ஆட்களை ஏற்றிக்கொண்டிருந்தார். என்னைப் பார்த்ததும் பழைய நக்கல் போகவில்லை.

"என்ன வாசுகி, தேனியில ஆளுகளக் கேலி பண்ணி எழுதித் தீந்துபோச்சா? இங்கன வந்துட்ட?"

"உங்களப் பத்தி ஒரு தொடரே எழுதலாம்னு வந்தேன் மச்சான்."

மதினி பத்திரிகையை நீட்டினார். அவர் இரண்டு கையாலும் வாங்கினார், கண்ணில் ஒற்றிக்கொண்டார். அப்புறம் ஜீப் சீட்டில் வைத்துவிட்டார்.

"அக்கா, ஒனக்காக நான் எது வேணாலும் செய்வேன். அந்த வீட்டுப் படியில மட்டும் காலு வைக்க மாட்டேன்."

"மச்சான், அந்தப் படியே இப்ப இல்ல. டைல்ஸ் போட்டாச்சு."

"டைல்ஸ்லயும் வைக்க மாட்டேன்." சிரிக்காமல் சொன்னார். "என்னயத் தெருவுல நிக்க வச்சுட்டு அங்கன காது குத்துனாக. சரி, போகட்டும். கோவிச்சுக்கிட்டுக் கிளம்புறேன். ஒரு ஆளு, ஒரே ஒரு ஆளு, 'நில்லு முருகேசா'ன்னு கூப்பிட்டாகளா? மாமா கேமராவுல எல்லாம் இருக்குன்னு சொல்லிக்கிட்டே இருந்தாக. இருந்தா ஏன் காட்டல? கொண்டாந்து காட்டு. நான் நெனச்சது தப்புன்னு அதுல தெரிஞ்சா வர்றேன். இல்லையா, கெங்குவார்பட்டிக்காரனையே மேடையில ஏத்து. அவனுக்குத்தான் மடி எப்பவும் ரெடியா இருக்கும்ல."

திரும்பும் பஸ்ஸில் மதினி முந்தானையை வாயில் வைத்துக்கொண்டு விசும்பினார். எனக்குப் பொறுக்கவில்லை. "அழாதீக மதினி, அந்த வீடியோவ நான் இறக்கித் தர்றேன்" என்று சொல்லிவிட்டேன். எந்தத் தைரியத்தில் சொன்னேன்? எனக்குத் தெரிந்த கம்ப்யூட்டர் வேலை தமிழில் தட்டச்சு செய்வது. அதிலும் பாதி நாள் கொம்பு ஒரு பக்கமும் எழுத்து ஒரு பக்கமும் நிற்கும்.

கேமராவைத் தேனிக்கு எடுத்து வந்தேன். அன்றைக்குப் பிடித்தது சனியன்.

முதலில் ஒயர். இப்போது உலகத்தில் எந்தப் போனுக்கும் பொருந்துகிற ஒயர் எல்லாம் என் வீட்டில் பாம்புக் குட்டி மாதிரிக் கிடக்கிறது. உன் கேமராவின் துளைக்கு மட்டும் ஒன்றும் நுழையவில்லை. தேனி பழைய பஸ் நிலையத்துப் பக்கம் ஒரு செல்போன் கடையில் காட்டினேன். கடைக்காரர் கேமராவைத் திருப்பித் திருப்பிப் பார்த்து, "அக்கா, இது யாரு வச்சிருந்தது?" என்றார். எங்க அண்ணன் என்றேன். "அவுககிட்டயே ஒயரு இருக்கும், கேட்டுப் பாருங்க" என்றார். கேட்கிற இடத்திலா இருக்கிறாய்?

கடைசியில் ஒரு பழைய பாட்டுப் பெட்டியோடு வந்த ஒயர் பொருந்தியது. மாட்டினேன். கேமரா கம்ப்யூட்டரோடு பேச மறுத்தது. பேட்டரியில் ஓடினால் பேசாதாம், சுவரிலிருந்து கரண்ட் கொடுத்தால்தான் பேசுமாம். பழைய சம்பந்தியைப் போல, உட்கார வைத்து உபசரித்தால்தான் வாய் திறக்கும். அந்த அடாப்டரைத் தேடி மறுபடி கம்பம் போனேன். எங்கே இருந்தது தெரியுமா? தோட்டத்து மோட்டார் ரூமில், மருந்தடிக்கிற டேங்க்குக்குப் பின்னால். அங்கே ஏன் அண்ணே அதைக் கொண்டுபோய் வைத்தாய்? யார் கண்ணில் படக்கூடாது என்று வைத்தாய்?

கேமராவில் செருகியிருந்த மெமரி கார்டைக் கழற்றிக் கம்ப்யூட்டரில் போட்டுப் பார்த்தேன். அதில் வைகை அணை. முழுக்க வைகை அணை. மதகு திறக்கிறது, தண்ணீர் கொட்டுகிறது, நீ மூச்சு விடுகிறாய். அடுத்த பதிவு, மறுபடி மதகு, மறுபடி மூச்சு. பிறகு ஒரு திராட்சைக் குலையைச் சுற்றி வந்து அரை மணி நேரம். காதணி விழா இல்லை. அழித்துத் தொலைத்துவிட்டாய் என்று உட்கார்ந்துவிட்டேன். என் வீட்டுக்காரர் கேமராவோடு வந்த விளக்கப் புத்தகத்தைத் தேடி எடுத்து, அதில் தமிழ் இல்லாத ஒரே குறையைப் பத்து நிமிடம் கண்டித்துவிட்டு, "இதுக்கு ரெண்டு வயிறு இருக்கு. கார்டு ஒண்ணு, உள்ள ஒண்ணு" என்று கண்டுபிடித்தார். மெனுவை மாற்றிப் போட்டால், சின்னச் சின்னக் கட்டங்களில் பந்தல் தெரிந்தது. கயலின் ரெட்டைச் சடை தெரிந்தது.

மற்றவர்கள் வீட்டு விசேசம் எல்லாம் கார்டில் எடுத்து ஸ்டுடியோவில் கொடுத்துத் சிடி சிடியாகப் போட்டுக் கொடுத்திருக்கிறாய். சொந்த வீட்டு விசேசத்தை மட்டும் கேமராவின் வயிற்றுக்குள்ளேயே வைத்திருக்கிறாய். எடுக்கவும் இல்லை, அழிக்கவும் இல்லை.

உள்ளிருப்பதைக் கார்டுக்கு மாற்றும் வழி உண்டென்று புத்தகம் சொன்னது. மாற்றினால், கார்டில் இடமில்லை என்றது. இடம் முழுக்க உன் வைகை அணை. அதை அழிக்கலாமா என்று மதினியிடம் கேட்டேன். "அவுக எடுத்ததாச்சே" என்று ஒரே வார்த்தை. சரி, புதுக் கார்டு வாங்கிப் போட்டேன். இவ்வளவு பெரிய கார்டை வாழ்க்கையில் பார்த்ததில்லை என்று கேமரா அதை அடையாளம் காண மறுத்துவிட்டது. ஆக, ஒயர்தான் வழி.

ஒயரை மாட்டினால், டிங் என்று ஒரு சத்தம். கேமரா வந்துவிட்டது. கையை எடுத்தால் டொங். போய்விட்டது. டிங், டொங், டிங், டொங். எதிர்வீட்டம்மா காலிங் பெல் என்று நினைத்துக் கதவைத் திறந்து பார்த்தாள். மூச்சை அடக்கி ஒயரை ஒரு கோணத்தில் அழுத்திப் பிடித்தபோது திரையில் ஒரு கேள்வி வந்தது. இந்த டிஸ்க்கை ஃபார்மட் செய்தால்தான் பயன்படுத்த முடியும், செய்யட்டுமா என்று மரியாதையாகக் கேட்டது. மரியாதையாகக் கேட்டால் நான் எதற்கும் தலையாட்டிவிடுவேன் என்று உனக்குத் தெரியும். விரல் 'சரி'யை அமுக்கப் போய்விட்டது. என் வீட்டுக்காரர் லேப்டாப்பை அப்படியே தூக்கிக்கொண்டு எழுந்துவிட்டார். "எல்லாத்தையும் அழிக்கவான்னு கேக்குது, நீ சரிங்குற!" கல்யாணமான நாளிலிருந்து அவர் என்மேல் காட்டிய மிக உரத்த அக்கறை அதுதான்.

வேலை முடிந்து என் வீட்டுக்கு வந்த கயல் டார்ச் அடித்து ஒயர் மாட்டும் துளைக்குள் பார்த்தாள். பல் பார்த்துப் பழகிய கண். "அத்தை, உள்ள என்னமோ காரை படிஞ்சிருக்கு." மெல்லிய ஊசியால் சுரண்டி எடுத்தாள். மஞ்சளாக உதிர்ந்தது. மோந்து பார்த்தாள். என்னிடம் நீட்டினாள்.

சந்தனம்!

வருசா வருசம் ஆயுத பூஜைக்கு மோட்டாருக்கு ஒரு பொட்டு, ஸ்பிரேயருக்கு ஒரு பொட்டு, கேமராவுக்கு மட்டும் உரிமையோடு ஒரு அப்பு. அந்தப் பக்கம்தான் உனக்குக் கிடைத்ததா? கேமராவில் எத்தனை பக்கம் இருக்கிறது! சந்தனம் அடைத்துக்கொண்டதால்தான் உன்னால் இறக்க முடியாமல் போனதா? இல்லை, இறக்கச் சொல்லி மதினி கேட்கும்போதெல்லாம் சாக்கு வேண்டுமென்று அந்த இடமாகப் பார்த்து வைத்தாயா? கயல் பஞ்சும் ஸ்பிரிட்டும் வைத்துச் சுத்தம் செய்து, கைப்பழக்கத்தில் "கொப்பளிங்க" என்று கேமராவைப் பார்த்துச் சொல்லிவிட்டு அவளே சிரித்தாள். மறுபடி மாட்டினோம். டிங். அதோடு டொங் இல்லை.

தீர்ந்ததென்றா நினைக்கிறாய்? உள்ளே போனால் ஃபோல்டருக்குள் ஃபோல்டர், அதற்குள் ஃபோல்டர். போய்க்கொண்டே இருந்தேன். கடைசியில் சில ஃபைல்கள், பெயர் எல்லாம் வெறும் எண். பெரிசாக இருந்தவற்றை மட்டும் பொறுக்கி எடுத்துக் காப்பி செய்தேன். ஓட்டினால் சத்தம் வருகிறது, படம் வரவில்லை. வேறொரு மென்பொருளில் ஓட்டினால் படம் வருகிறது, சத்தம் இல்லை. இரண்டும் சேர்ந்து வர இன்னொன்றைத் தேடிப் போட்டு, ஒருவழியாக மேளச் சத்தத்தோடு முருகேசன் தெருவில் தோன்றினார். வருகிறார், வருகிறார், பந்தல் கிட்டே வருகிறார். வெடுக்கென்று நின்றுவிட்டது. அடுத்த ஃபைல் திறக்கவே இல்லை.

நீளமான பதிவை உன் கேமரா தானாகவே துண்டு துண்டாக வெட்டி வைக்குமாம். துண்டுகளைத் தனித்தனியே பொறுக்கினால் ஒட்டு விட்டுப்போகுமாம். ஃபோல்டரை மேலிருந்து கீழ்வரை அப்படியே தூக்கி வந்து எடிட்டிங் மென்பொருளிடம் ஒப்படைத்தால், அது தையல் தெரியாமல் சேர்த்துக்கொள்ளுமாம். இதை யாராவது முன்னால் சொன்னார்களா? நீ சொன்னாயா? வழுக்கிக்கொண்டு இறங்கும் என்றுதானே சொன்னாய்! மறுபடி எல்லாவற்றையும் முதலிலிருந்து இறக்கினேன். லேப்டாப் இஞ்சின் சூடேறிய பஸ் மாதிரி முனகியது. மின்விசிறியை அதன் பக்கம் திருப்பிவிட்டு நான் வேர்த்துக்கொண்டு உட்கார்ந்திருந்தேன்.

ஞாயிற்றுக்கிழமை மதினியை வரச் சொன்னேன். மதினி, கயல், நான். மூன்று பேரும் பார்த்தோம்.

நீ படத்தில் ஒரு இடத்திலும் இல்லை அண்ணே. ஆனால் கேமராவுக்குப் பக்கத்தில் உன் வாய் இருந்ததால் ஊர்ச் சத்தத்தை எல்லாம் மீறி நீதான் கேட்கிறாய். "மாப்ளே, திரும்பிப் போங்க, வெயிலு கண்ணுல அடிக்குது." முருகேசன் சிரித்துக்கொண்டே போகிறார். இரண்டாம் முறை வருகிறார். ஒரு கன்றுக்குட்டி குறுக்கே ஓடுகிறது. "அட, மறுபடி போங்க மாப்ளே!" மூன்றாம் முறை. அப்போது உன் பக்கத்தில் யாரோ, நல்ல நேரம் போகுதுன்னு பந்தல்ல கத்துறாக என்கிறார். நீ சொல்கிறாய்: "இருங்கய்யா. என் மாப்ளே வர்றதுதான்யா இன்னைக்கு விசேசம். அது நல்லா விழட்டும், மத்ததெல்லாம் அப்புறம்."

திட்டம் போட்டவன் குரலா அது? முட்டாள்தனம் உண்டு, அது நிறைய உண்டு. திட்டம் இல்லை.

அப்புறம் பந்தல். கெங்குவார்பட்டி மாமன் மடியில் கயல் காதைப் பிடித்துக்கொண்டு அழுகிறாள். கேமரா ஒரு குலுங்கு குலுங்குகிறது. அதற்குமேல் படத்தில் உன் செருப்பும் மண்ணும்தான். நிறுத்த மறந்துவிட்டு ஓடியிருக்கிறாய். அப்போது நீ பேசியதை நான் இங்கே எழுத மாட்டேன், கொஞ்சம் பொறு.

மதினி என் கையைப் பிடித்துக்கொண்டார். "அந்தக் கடைசிய வெட்டிரு வாசுகி. ஒங்க அண்ணன் அவன்கிட்ட இப்படிக் கெஞ்சுனத அவன் பாக்க வேணாம். அவுக மானமா இருந்தவுக."

"எதையும் வெட்டாதீங்க அத்தை," என்றாள் கயல், "அப்பா பேசுறாக."

நடுவில் நான். கத்தரிக்கோல் மாதிரி ஒரு பொத்தான் அந்த மென்பொருளில் இருக்கிறது. அதன்மேல் அம்புக்குறியை வைத்துக்கொண்டு எவ்வளவு நேரம் இருந்தேன் என்று தெரியாது. பிறகு மதினியிடம் வெட்டிவிட்டேன் என்று சொன்னேன். வெட்டவில்லை.

கூடலூர் போனோம். முருகேசன் வீட்டில் நாற்காலிமேல் லேப்டாப்பை வைத்து ஓட்டினேன். அவர் கையைக் கட்டிக்கொண்டு, நீதிபதி மாதிரி உட்கார்ந்தார். முதல்முறை அவர் நடந்து வருவதைப் பார்த்ததும் மீசை லேசாகத் துடித்தது.

"அந்தப் பச்சைச் சட்டை எங்கடி?"

"அது ஜீப்பு தொடச்சே நைஞ்சு போச்சு" என்றாள் அவர் மனைவி.

கன்றுக்குட்டிக்குச் சிரித்தேவிட்டார். "என் மாப்ளே வர்றதுதான்யா விசேசம்" என்று நீ சொன்ன இடத்தில் சிரிப்பு நின்றது, கட்டிய கை பிரிந்தது. எனக்கு உயிர் வந்தது. ஆனால் பந்தலும் அந்த மடியும் திரையில் வந்ததும் பழைய முகம் திரும்பிவிட்டது. எழுந்துவிட்டார்.

"போதும் வாசுகி. மாமா வேணும்னு செய்யல, ஒத்துக்கிறேன். ஆனா மடி போனது போனதுதான். போனவனக் கூப்பிடவும் ஆளில்ல. ஸ்டாண்டுல எனக்காக ஆளுக நிக்குது."

ஆணியிலிருந்து சாவியை எடுத்துக்கொண்டு வாசலைப் பார்த்து நடந்தார். நான் நிறுத்தவில்லை. மதினி என் தொடையைக் கிள்ளினார், அப்போதும் நிறுத்தவில்லை. திரையில் செருப்பும் மண்ணும் ஓடின. அதற்கு மேலே உன் குரல்.

"மாப்ளே! நில்லுய்யா மாப்ளே! ஏலே, மேளத்த நிப்பாட்டுங்கடா, அவருக்குக் கேக்கல... மாப்ளே, என் தப்புய்யா. எனக்குக் கேமராக் கிறுக்குய்யா. நில்லு மாப்ளே, ஒன் கால்ல வேணாலும் விழுறேன், நில்லு..."

அவர் நின்றுவிட்டார் அண்ணே.

வாசல் நிலையில் ஒரு கை, மற்ற கையில் சாவி. திரும்பவில்லை. மேளம், உன் மூச்சு, செருப்பு வார் அறுந்துபோகிற சத்தம், தூரத்தில் ஜீப் கிளம்புகிற சத்தம். அப்புறம் ஒன்றுமில்லை.

"அந்த இடத்த மட்டும் இன்னொரு தடவ போடு."

போட்டேன். வந்து நாற்காலிக்கு எதிரே தரையில் உட்கார்ந்து கேட்டார். மூன்றாவது முறையும் கேட்டார்.

"மேளச் சத்தத்துல கேக்கலயே வாசுகி." என்னிடம் சொன்னாரா, உன்னிடம் சொன்னாரா தெரியவில்லை. பிறகு மதினியைப் பார்த்து, "இத ஏன்க்கா இத்தன வருசம் எனக்குக் காட்டல?"

மதினி என்னைப் பார்த்தார். எனக்கும் தெரியாது. உனக்கு உன் மானம் பெரிதாகப் போய்விட்டதா? இல்லை, அவரே வந்து கேட்கட்டும் என்று காத்திருந்தாயா? இரண்டு பேரும் ஆறு மைல் இடைவெளியில் உட்கார்ந்துகொண்டு, ஒருவன் காட்டவில்லை, ஒருவன் கேட்கவில்லை. இதற்காக நான் சந்தனம் சுரண்டி, ஃபோல்டர் ஃபோல்டராக அலைந்து, ஃபார்மட்டுக்குத் தலையாட்டப் பார்த்தேன். நினைத்தால் இப்போதும் ஆத்திரமாக வருகிறது.

அன்றைக்கு அவர் வருகிறேன் என்றும் சொல்லவில்லை, மாட்டேன் என்றும் சொல்லவில்லை. எங்களை பஸ் ஏற்றிவிட்டுப் போய்விட்டார். "வெட்டுனேன்னு சொன்னியே பொய்க்காரி" என்று மதினி வழியெல்லாம் என்னைத் திட்டிக்கொண்டே வந்தார். கம்பம் நெருங்கும்போது மதினியின் போன் அடித்தது. பஸ் இரைச்சலில் கேட்கவில்லை என்று ஸ்பீக்கரில் போட்டார்.

"அக்கா, கல்யாணத்துக்கு எத்தன ஜீப்பு வேணும்?"

அவ்வளவுதான். வைத்துவிட்டார். மதினி போனைப் பார்த்தார், என்னைப் பார்த்தார். "எத்தன வேணும் வாசுகி?" என்று கேட்டுவிட்டு, பஸ்ஸில் எல்லோரும் திரும்பிப் பார்க்கிற மாதிரி அழுதார்.

நான் உனக்கு ஒன்று வாக்குத் தருகிறேன். கல்யாணத்தன்று வீடியோ எடுக்க ஆள் சொல்லியிருக்கிறோம், தலைக்கு மேலே பறக்கிற கேமராவெல்லாம் கொண்டு வருவார்களாம். முருகேசன் மச்சான் தெருவில் வரும்போது நான் அவர்கள் பக்கத்திலேயே நிற்பேன். வெயில் எதிரே அடிக்கட்டும், கன்றுக்குட்டி குறுக்கே வரட்டும், படம் கோணலாக விழட்டும், விழாமலே போகட்டும். மாமனை ஒருவரும் திரும்பிப் போகச் சொல்ல விடமாட்டேன். நேராக உள்ளே கூட்டிப் போவேன்.

உன்மேல் இன்னும் ஆத்திரம் தீராத,
உன் கூடப்பிறந்த தங்கச்சி,
வாசுகி